"இவன் மட்டும் கிறிஸ்தவனாக இருந்திருந்தால்": இடைக்காலப் பிரெஞ்சு இலக்கியம் கண்ட கிழக்கு

பிரெஞ்சு மொழியின் முதற் பெருங்காவியமாகக் கொள்ளப்படும் 'ரோலான் பாட'லில், பகைவர் படைக்குத் தலைமை தாங்கி வரும் பாலிகான் என்ற முதிய அமீரைக் கவிஞர் வருணிக்கும் இடம் ஒன்று உண்டு. அகன்ற மார்பு, சுருண்ட தலைமுடி, வேனிற் பூவைப் போல வெளுத்த நரை, பல களங்களில் நிலைநாட்டிய வீரம் என்று ஒவ்வொன்றாகப் பாராட்டிக்கொண்டே வரும் அவர், "கடவுளே, இவன் மட்டும் கிறிஸ்தவனாக இருந்திருந்தால் எப்பேர்ப்பட்ட பெருமகன்!" என்று பெருமூச்சு விட்டு முடிக்கிறார். அதே காவியத்தின் முற்பகுதியில் வேறொரு பகைத் தலைவனைப் பற்றியும் ஏறத்தாழ இதே சொற்கள் வருகின்றன. இவ்வொரு வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டால், 12ஆம் நூற்றாண்டு தொடங்கி 14ஆம் நூற்றாண்டு வரை பிரெஞ்சு மொழியில் எழுதியவர்கள் கிழக்குத் திசையை எப்படிக் கட்டி எழுப்பினார்கள் என்பதைப் பெருமளவுக்கு விளங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அவர்கள் படைத்த கிழக்கு, அவர்களுடைய சொந்த வீடுதான். சமயம் என்ற ஒரே ஒரு தூணை மட்டும் பிடுங்கிவிட்டு வேறொரு தூணை நட்டு வைத்த வீடு.

காவியத்தின் கருவான வரலாற்று நிகழ்ச்சியே இந்தக் கட்டுமானத்துக்கு நல்ல சான்று. 778ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஸ்பெயினிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிராங்கு மன்னர் ஷார்லமேனின் பின்னணிப் படையைப் பிரனே மலைத்தொடரில் மறைந்திருந்து தாக்கி அழித்தவர்கள் அம்மலைப் பகுதியின் பாஸ்க் மக்கள் என்று, மன்னரின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் தெளிவாகக் குறித்திருக்கிறார். அவர்களும் கிறிஸ்தவ உலகின் ஓரத்தில் வாழ்ந்தவர்களே. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், முதற் சிலுவைப் போர்ப் படைகள் எருசலேமைப் பிடித்த 1099ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஏறத்தாழ 4000 அடிகளில் உருப்பெற்ற காவியத்திலோ, மலைவாழ் மக்கள் காணாமல் போய், அவர்களுடைய இடத்தில் இலட்சக்கணக்கான சாரசேனியர் வந்து நிற்கிறார்கள். சாரசேனியர் என்ற சொல் அக்கால ஐரோப்பாவில் முதலில் அரபு முஸ்லிம்களைக் குறித்தாலும், காவியங்களில் அது கிறிஸ்தவர் அல்லாத எவரையும் அள்ளிப் போடும் கூடையாகிவிட்டது. பாலிகானின் முப்பது படைப் பிரிவுகளில் ஸ்லாவியர், ஹூணர், ஹங்கேரியர், அவார் எல்லோரும் அணிவகுக்கிறார்கள். முதுகுத்தண்டு நெடுகப் பன்றிக்கு உள்ளது போல முரட்டு மயிர் முளைத்த ஓர் இனமும் இடையே வருகிறது.

இத்தனை அந்நியர்களுக்கும் வாழ்க்கை முறை என்னவோ பிரெஞ்சு வாழ்க்கை முறைதான். ஸ்பெயினின் சரகோசா நகரை ஆளும் சாரசேனிய அரசன் மார்சில் மரத்தடி நிழலில் தன் குறுநிலத் தலைவர்களைக் கூட்டி ஆலோசனை கேட்கிறான். அடுத்து ஷார்லமேனும் அதையே செய்கிறார். இங்கே பன்னிரு பெருவீரர் என்றால் அங்கேயும் பன்னிருவர். சமயத்தில்கூட இந்தப் பிரதிபலிப்பு விட்டுவிடவில்லை: கிறிஸ்தவர்களுக்குத் திரித்துவம் இருப்பதால் சாரசேனியருக்கும் மகுமேத், அப்போலேன், தெர்வகான் என்று மூன்று தெய்வங்கள். முதற் பெயர் நபிகளின் பெயரைத் திரித்தது, இரண்டாவது கிரேக்க அப்போலோவிலிருந்து கடன் வாங்கியது, மூன்றாவது எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. உருவ வழிபாட்டை அறவே மறுக்கும் ஒரு சமயத்தாருக்குச் சிலைகளை வைத்துக் கொடுத்த கவிஞர், போரில் தோற்றதும் அவர்களே அச்சிலைகளைத் தடியால் அடித்து நொறுக்கி, மகுமேத்தின் சிலையைப் பன்றிகளும் நாய்களும் மிதிக்கும் பள்ளத்தில் எறிவதாகவும் காட்டுகிறார்.

இதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. க்ளூனி மடத்தின் தலைவர் பீட்டரின் ஏற்பாட்டில், கெட்டன் ஊரைச் சேர்ந்த ராபர்ட் குர்ஆனை லத்தீனில் மொழிபெயர்த்து முடித்தது 1143ஆம் ஆண்டில். இஸ்லாம் ஓரிறைக் கொள்கை உடையது என்பதைப் படித்த பாதிரிமார் அறிந்திருந்தார்கள். இருந்தும் அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாகக் காவியங்களில் தெர்வகானின் சிலை நின்றுகொண்டேதான் இருந்தது. மேடையில் உடைப்பதற்கு ஒரு சிலை தேவைப்பட்டது; உண்மையான இஸ்லாத்தில் உடைப்பதற்குச் சிலை இல்லை. கதைக்கு எது வசதியோ அதுவே நிலைத்தது.

இந்த வசதியை நகைச்சுவையாகவே கையாண்டவர் அராஸ் நகரத்து ழான் பொதேல். 1200ஆம் ஆண்டை ஒட்டி அவர் எழுதிய புனித நிக்கோலா நாடகம், பெயரளவில் ஒரு சாரசேனிய மன்னனின் நாட்டில் நடக்கிறது. ஆனால் அந்நாட்டின் கடைத்தெருவில் பிரெஞ்சுத் திராட்சை மது விற்கும் கள்ளுக்கடை இருக்கிறது. அங்கே சூதாடும் திருடர்கள் அராஸ் நகர வீதிகளில் பார்ப்பவர்களுக்கு நன்கு பழகிய முகங்கள். மன்னனுக்குத் துணையாகத் தொலைதூரத்திலிருந்து வரும் அமீர்களில் ஒருவர், தம் நாட்டில் ஆலைக்கல்லைத் தவிர வேறு நாணயமே இல்லை என்று சொல்கிறார். கிழக்கு தொலைவில் போகப் போகச் செல்வம் கூடும் என்ற எதிர்பார்ப்பைப் பொதேல் அங்கே கிள்ளிப் பார்க்கிறார் என்று தோன்றுகிறது.

"மட்டும் இருந்திருந்தால்" என்ற ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்ளக் கதைகளுக்கு எளிய வழி ஒன்று இருந்தது: பெண்களை மதம் மாற்றுவது. ரோலான் பாடலிலேயே மார்சிலின் மனைவி பிராமிமோந்த் ஞானஸ்நானம் பெற்று ஜூலியானா ஆகிறாள். கியோம் என்ற வீரனைச் சுற்றி எழுந்த காவியக் கொத்தில், ஒராப்ல் என்ற சாரசேனிய அரசி தன் கோட்டையையும் தன்னையும் அவனிடம் ஒப்படைத்துக் கிபூர் என்ற கிறிஸ்தவப் பெயருடன் அவனுக்கு மனைவியாகிறாள். பின்வரும் காவியங்களில் அவளே கோட்டையைக் காக்கும் குடும்பத் தலைவியாக, கணவனைவிட உறுதி படைத்தவளாக வளர்கிறாள். நகரத்தைப் பிடிப்பதும் பெண்ணைப் பிடிப்பதும் ஒன்றாகவே சொல்லப்படும் இக்கதைகளில், ஆண்களுக்குப் பெரும்பாலும் வாள், பெண்களுக்கு ஞானஸ்நானத் தொட்டி என்பதே விதி.

இதே காலத்தில், ஏறத்தாழ 1150க்கும் 1160க்கும் இடையில், எழுந்த ஃப்ளோர்-பிளான்ஷ்ஃப்ளோர் காதல் கதை இந்த விதியை மெல்லப் புரட்டிப் போடுகிறது. இங்கே ஆண்மகன் ஃப்ளோர்தான் ஸ்பெயினின் சாரசேனிய இளவரசன். அதே நாளில் பிறந்து அவனுடன் வளரும் பிளான்ஷ்ஃப்ளோர், யாத்திரை போகும் வழியில் சிறைபிடிக்கப்பட்ட கிறிஸ்தவப் பெண்ணின் மகள். இருவரையும் பிரிக்க விரும்பிய மன்னன் அவளை வணிகர்களுக்கு விற்றுவிட, அவள் கைமாறிப் பாபிலோன் அமீரின் கோபுரத்துக்குப் போய்ச் சேர்கிறாள். அக்காலப் பிரெஞ்சு நூல்களில் பாபிலோன் என்றால் பெரும்பாலும் எகிப்தின் கெய்ரோ. அந்த அமீர் ஆண்டுக்கொரு மனைவியைத் தேர்ந்துகொண்டு, ஆண்டு முடிந்ததும் அவளைக் கொன்றுவிடுபவன். தோட்டத்து மரத்தின் பூ எந்தக் கன்னியின் மீது உதிர்கிறதோ அவளே அடுத்தவள், அந்தப் பூ எங்கே விழ வேண்டும் என்பதும் அவன் கைவித்தை. ஃப்ளோர் பூக்கூடைக்குள் ஒளிந்து கோபுரத்துக்குள் நுழைகிறான். பட்டும் இரத்தினமும் தானியங்கிப் பொம்மைகளும் தோட்டங்களுமாகக் கவிஞர் அங்கே செலவிடும் அடிகளைப் பார்த்தால், அமீரைக் கண்டிக்க வந்தவர் அவனுடைய வீட்டை விட்டு வெளியேற மனமில்லாமல் நிற்பது தெரிகிறது. இறுதியில் ஃப்ளோர் ஞானஸ்நானம் பெறுகிறான். இவர்களுடைய மகள் பெர்த் என்றும், அவளே ஷார்லமேனின் தாய் என்றும் கதை சொல்கிறது. அதாவது, சாரசேனியரை அழித்த பெருமன்னரின் நரம்புகளில் சாரசேனிய இரத்தம் ஓடுவதை அந்த அவை இயல்பாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மதம் மாறாமலே பெருமகனாக விளங்கிய ஒருவர் உண்மையில் வந்து நின்றபோது இந்த ஏற்பாடு திணறியது. 1187இல் எருசலேமை மீட்ட சலாதீன்தான் அவர். தோற்றவர்களிடம் அவர் காட்டிய பெருந்தன்மையை ஐரோப்பியரே பேசினார்கள். சாட்சிகள் ஏராளமாக இருந்ததால் அவரைப் பன்றிமயிர்க் கூட்டத்தில் சேர்க்க வழியில்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஒரு சிறு கவிதையில், சலாதீனிடம் சிறைப்பட்ட திபேரியாவின் ஊக் என்ற பிரபு, அவருடைய வேண்டுகோளின்படி பிரெஞ்சு வீரப்பட்டத்தின் சடங்குகளைச் செய்துகாட்டுகிறார். நீராட்டு, படுக்கை, வெண்ணிற ஆடை, சிவப்பு மேலாடை, இடைக்கச்சு, குதிமுள், வாள் என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லிக்கொண்டே போகிறவர், கடைசிச் சடங்கான கழுத்துத் தட்டை மட்டும் செய்ய மறுக்கிறார். தாம் கைதி என்பதால் தம்மை அடக்கி வைத்திருப்பவரை அடிப்பது முறையன்று என்கிறார். ஆனால் தொடக்கத்தில் அவர் சொன்ன மறுப்பு இவ்வளவு நாகரிகமானதன்று: கிறிஸ்தவர் அல்லாதவருக்கு இப்பட்டம் தருவது குப்பைமேட்டைப் பட்டால் போர்த்துவது போன்றது என்றே அவர் சொல்கிறார்.

இன்னொரு கதை இதைவிடத் துணிச்சலாகப் போயிற்று. பொந்தியே பிரபுவின் மகளைப் பற்றிய 13ஆம் நூற்றாண்டு உரைநடைக் கதையில், தந்தையால் பீப்பாயில் அடைத்துக் கடலில் விடப்பட்ட பெண், அல்மேரியா சுல்தானிடம் சேர்ந்து அவனுக்குப் பிள்ளைகள் பெறுகிறாள். பிறகு அவள் தாய்நாடு திரும்பிவிட, அங்கேயே தங்கிவிட்ட அவளுடைய மகளின் வழியில், "கண்ணியமிக்க சலாதீ"னின் தாய் பிறந்தாள் என்று கதை முடிகிறது. மதம் மாற்ற முடியாத இடத்தில் வம்சாவளியை மாற்றினார்கள். பகைவனிடம் பண்பு இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் பிரெஞ்சுப் பாட்டியாகத்தான் இருக்க வேண்டும்.

பகைவர் நிறைந்த இந்த அண்மைக் கிழக்கைத் தாண்டினால் முற்றிலும் வேறான ஒரு கிழக்கு இருந்தது. அங்கே போர் குறைவு, வியப்பு அதிகம். அதற்கு இந்தியா என்று பெயர். பிரெஞ்சு வாசகருக்கு அந்த நாட்டின் வழிகாட்டி அலெக்சாந்தர். கிரேக்கத்திலும் லத்தீனிலும் பல நூற்றாண்டுகள் சுழன்றுவந்த அலெக்சாந்தர் கதைகளை, 1180களில் அலெக்சாந்தர் த பாரி என்பவர் ஏறத்தாழ 16,000 அடிகள் கொண்ட ஒரே காவியமாகத் தொகுத்தார். அதில் பயன்பட்ட பன்னிரண்டு அசை அடியே பின்னாளில் 'அலெக்சாந்திரின்' என்ற பெயரில் பிரெஞ்சுச் செய்யுளின் முதன்மை யாப்பாயிற்று. பிரெஞ்சுக் கவிதையின் மிகப் புகழ்பெற்ற அடிவடிவம் தன் பெயரை இந்தியாவுக்குப் போன ஒருவனின் கதையிலிருந்து பெற்றிருக்கிறது என்பதை வழியில் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். காவியத்து இந்தியாவில் போரஸின் அரண்மனையில் பொற்கொடியில் இரத்தினக் கனிகள் தொங்குகின்றன. சூரிய மரமும் சந்திர மரமும் அலெக்சாந்தரிடம் அவனுடைய சாவை முன்னறிவிக்கின்றன. ஒரு காட்டில் குளிர்காலத்தில் மண்ணுக்குள் போய் வேனிலில் பூக்களோடு முளைத்தெழும் பெண்கள் இருக்கிறார்கள், மர நிழலை விட்டு வெளியே வந்தால் அவர்கள் இறந்துபோவார்கள். படைவீரர்கள் அங்கிருந்து கிளம்ப மனமில்லாமல் கிளம்புகிறார்கள்.

இந்த இந்தியாவுக்கு "மட்டும் இருந்திருந்தால்" என்ற ஏக்கமே தேவைப்படவில்லை, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே ஒரு கிறிஸ்தவப் பேரரசர் ஆண்டுகொண்டிருப்பதாக ஐரோப்பா நம்பியது. குரு யோவான் எனப்பட்ட அவருடைய பெயரில், பைசாந்தியப் பேரரசர் மானுவேலுக்கு எழுதப்பட்டதாகச் சொல்லிக்கொண்டு, 1165ஐ ஒட்டி ஒரு லத்தீன் கடிதம் புறப்பட்டது. அது முழுக்க முழுக்கப் புனைவு. இருந்தும் போப் மூன்றாம் அலெக்சாந்தர் 1177இல் அவருக்கு விடைக் கடிதம் எழுதி அனுப்பினார். நூற்றாண்டு முடிவதற்குள் பிரெஞ்சுச் செய்யுளாகவும், பின்னர் உரைநடையாகவும் அந்தக் கடிதம் பரவியது. மூன்று இந்தியாக்களும் தம் ஆட்சிக்குள் அடங்கும் என்றும், புனித தோமாவின் உடல் இளைப்பாறும் தொலை இந்தியாவும் அவற்றுள் ஒன்று என்றும் அவர் பெருமை பேசுகிறார். அந்தக் கல்லறையை மரபு சென்னையின் மயிலாப்பூரில் வைக்கிறது என்பதால், நமக்கு நன்கு தெரிந்த ஓர் இடம் பிரெஞ்சுக் கற்பனையின் வரைபடத்தில் பெயர் இல்லாமலே இடம்பெற்றுவிட்டது. மிளகைப் பற்றியும் கடிதம் விளக்கம் தருகிறது: மிளகுக் காட்டில் பாம்புகள் நிறைந்திருப்பதால், காய் பழுத்ததும் காட்டுக்குத் தீ வைத்துப் பாம்புகளை ஓட்டிவிட்டுப் பறிக்கிறார்களாம். பழைய லத்தீன் கலைக்களஞ்சியங்கள், மிளகு கறுத்துச் சுருங்கியிருப்பதற்கே இந்தத் தீதான் காரணம் என்று கூறிவந்தன. வெயிலில் உலர்த்தினாலே மிளகு கறுக்கும் என்பதைக் கண்டிராத மக்கள், உணவு மேசைக்கு வந்து சேர்ந்த அந்தச் சின்னஞ்சிறு கருமணியின் விலைக்கு ஏற்ற வீரக் கதையை அதற்குக் கொடுத்தார்கள்.

கண்ணால் கண்டவர்களும் இந்தக் கற்பனையைக் கலைத்துவிடவில்லை. பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியுடன் சிலுவைப் போருக்காக எகிப்துக்குப் போய் 1250இல் சிறைப்பட்டு மீண்ட ழுவான்வீல், 1309இல் நிறைவு செய்த தம் நூலில் நைல் நதியைப் பற்றிச் சொல்லும்போது, இரவில் அங்குள்ளவர்கள் ஆற்றில் வலை விரித்து வைப்பதாகவும், விடியற்காலையில் அவ்வலையில் இஞ்சியும் இலவங்கப்பட்டையும் அகிலும் சிக்கியிருப்பதாகவும், பூலோக சொர்க்கத்து மரங்களிலிருந்து காற்றில் உதிர்ந்தவை அவை என்றும் எழுதுகிறார். படகிலும் போர்க்களத்திலும் தாம் பட்ட பாடுகளை அவ்வளவு கூர்மையாகக் கவனித்து எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. தாம் பார்த்த நதியின் மேல்பகுதியைப் பற்றி அவருக்குப் புத்தகம்தான் பேசியது.

புத்தகத்தை மீறிய கிழக்கு ஒன்றைப் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுவந்தவர், வேடிக்கையாக, ஒரு வெனிஸ் வணிகர். 1298இல் ஜெனோவாச் சிறையில் மார்க்கோ போலோ சொல்லச் சொல்ல, பீசா நகரத்து ருஸ்திகெல்லோ அதைப் பிரெஞ்சில், இத்தாலியம் கலந்த பிரெஞ்சில், எழுதினார். இத்தாலியர் இருவர் ஏன் பிரெஞ்சைத் தேர்ந்தார்கள் என்றால், ஆர்தர் மன்னன் கதைகளைப் பிரெஞ்சில் தொகுத்துப் பழகியவர் ருஸ்திகெல்லோ. பேரரசர்களே, மன்னர்களே, பிரபுக்களே என்று விளித்துத் தொடங்கும் முன்னுரையை அவர் தம் ஆர்தர் நூலிலிருந்தே ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பழைய வாசலைத் தாண்டி உள்ளே போனால், வேறு யாரும் சொல்லியிராத செய்திகள் இருக்கின்றன. மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரையில் உடன்பிறந்த ஐந்து அரசர்கள் ஆள்வதாகக் கூறும் அவர், அவர்களில் ஒருவரை 'சொந்தர் பந்தி தேவர்' என்கிறார். சுந்தர பாண்டியத் தேவரை அதில் அடையாளம் காண நமக்கு உரையாசிரியர் தேவையில்லை. துணி வெட்டித் தைக்கும் தையற்காரரே அந்நாட்டில் இல்லை என்கிறார், அரசனும் இடையில் ஒரு துணியோடுதான் இருக்கிறான், ஆனால் உடம்பில் அணிந்திருக்கும் முத்தும் மாணிக்கமும் ஒரு நகரத்தின் விலை பெறும். ஹோர்முஸ், ஏடன் வணிகர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கொண்டுவரும் குதிரைகள் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் செத்துப்போவதையும், கடன் கொடுத்தவன் கடன்பட்டவனைச் சுற்றித் தரையில் வட்டம் கீறினால் அவன் கடனைத் தீர்க்காமல் அதைத் தாண்டக்கூடாது என்பதையும், குதிரை மேலிருந்த அரசனையே ஓர் அயல்நாட்டு வணிகன் அப்படி நிறுத்தியதைத் தாமே கண்டதையும் விவரிக்கிறார். இங்குள்ளவர்கள் தண்ணீர் குடிக்கும்போது பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் உயரத் தூக்கி வாய்க்குள் ஊற்றிக்கொள்கிறார்கள் என்று அவர் எழுதிய வரியில், அண்ணாந்து குடிக்கும் ஒரு தமிழ் வீட்டு முற்றம் எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பிரெஞ்சில் அப்படியே தெரிகிறது. குரு யோவானையும் அவர் விட்டுவைக்கவில்லை: செங்கிஸ்கானிடம் தோற்றுக் களத்தில் மாண்ட ஒரு புல்வெளித் தலைவராக அவரைச் சுருக்கிவிட்டார்.

வாசகர்கள் இதை எப்படி ஏற்றார்கள் என்பதற்கு 1410ஐ ஒட்டிப் பர்கண்டி பிரபு ஜானுக்காகத் தயாரிக்கப்பட்டு, 1413இல் பெரி பிரபுவுக்குப் பரிசாகப் போன ஓவியச் சுவடி விடை சொல்கிறது. அதிசயங்களின் நூல் என்று அழைக்கப்படும் அது இன்று பாரிசில் பிரான்சின் தேசிய நூலகத்தில் உள்ளது. போலோவின் பயணத்தோடு, பயணமே போகாமல் நூலகத்தில் உட்கார்ந்து எழுதப்பட்டதாகப் பலரும் கருதும் மாண்டவில்லின் பயண நூலையும் அது ஒரே அட்டைக்குள் வைத்திருக்கிறது. வடதிசை நாடு ஒன்றைப் போலோ விவரிக்கும் இடத்தில், தலையில்லாமல் மார்பில் முகம் உடையவன், ஒற்றைக் கண்ணன், ஒரே பெரிய காலைக் குடையாகப் பிடித்தவன் ஆகியோரை ஓவியர் வரைந்து வைத்தார். பக்கத்திலுள்ள எழுத்தில் அப்படி எவரும் இல்லை. கொல்லத்து மிளகு அறுவடைக்கும் ஓர் ஓவியம் உண்டு. தையற்காரரே இல்லாத கரைகளைப் போலோ வருணித்திருக்க, அங்கே மிளகு பறிப்பவர்கள் நன்றாகத் தைத்த ஐரோப்பியச் சட்டை அணிந்து நிற்கிறார்கள்.

போலோவும் தம் காலத்து மொழியிலிருந்து முற்றிலும் தப்பிவிடவில்லை. இலங்கையின் உயர்ந்த மலையைப் பற்றிச் சொல்லும் இடத்தில், சாரசேனியர் அதை ஆதாமின் கல்லறை என்கிறார்கள், உருவ வழிபாட்டினர் சாகமோனி புர்கானின் நினைவிடம் என்கிறார்கள் என்று கூறிவிட்டு, சாக்கிய முனியின், அதாவது புத்தரின், கதையை நிதானமாகச் சொல்கிறார்: அரண்மனையில் அடைத்து வளர்க்கப்பட்ட இளவரசன், வழியில் கண்ட பிணம், பல் விழுந்த கிழவர், துறவு. சொல்லி முடித்ததும் அவர் எழுதும் வாக்கியம், இரு நூற்றாண்டுகளுக்கு முன் ரோலான் கவிஞர் அமீரைப் பற்றி எழுதியதேதான்: இவர் மட்டும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவராக இருந்திருந்தால், நம் ஆண்டவரோடு இருக்கும் ஒரு பெரும் புனிதராகியிருப்பார்.

அவர் அறியாதது, அந்தப் புனிதர் ஏற்கெனவே பிரெஞ்சில் இருந்தார் என்பது. ஞானம் பெறுவதற்கு முந்தைய புத்தரைக் குறிக்கும் போதிசத்துவர் என்ற சொல் அரபு வழியாகப் போகும்போது 'பூதாசஃப்' ஆகி, ஒரு புள்ளி கூடியதால் பகரம் யகரமாகி 'யூதாசஃப்' ஆனது; ஜார்ஜிய மொழியிலும் கிரேக்கத்திலும் கிறிஸ்தவக் கதையாக மாறி, லத்தீனில் யோசபாத் என்ற பெயரோடு பிரான்சுக்கு வந்து சேர்ந்தது. தோமா போதித்த இந்தியாவில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தும் ஒரு மன்னனின் மகன். சோதிடர் சொல்லுக்கு அஞ்சி அரண்மனையில் அடைத்து வளர்க்கப்பட்டவன். வெளியே வந்த நாளில் நோயையும் முதுமையையும் கண்டு கலங்கி, இரத்தின வணிகர் வேடத்தில் வந்த பர்லாம் என்ற துறவியிடம் ஞானஸ்நானம் பெறுகிறான். கி த கம்பிரே என்ற கவிஞர் இதைப் பிரெஞ்சுச் செய்யுளில் விரிவாகப் பாடியது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போலோ சிறையில் உட்கார்ந்து தம் வாக்கியத்தைச் சொல்லி எழுதுவிப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே. பின்னாளில் ரோமத் திருச்சபை தன் புனிதர் பட்டியலில் யோசபாத்துக்கு நவம்பர் 27ஆம் நாளை ஒதுக்கியது.